நீர்க்கஞ்சியும் சின்ன வயிறும்

செஞ்சி வட்டத்தில், திண்டிவனத்துக்கு மேற்கே இருக்கிறது வல்லம் ஒன்றியம். ஏரித் தண்ணீர் எட்டுகிற கழனியில் நெல், எட்டாத மேட்டில் மல்லாட்டை, இடையிடையே உளுந்து, கம்பு, கேழ்வரகு. நிலக்கடலையை மல்லாட்டை என்றே சொல்லிப் பழகிய இந்த வட்டாரத்துக்கு அந்தப் பயிரோடு நெடுநாள் உறவு உண்டு. திண்டிவனத்து எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 போன்ற ரகங்கள் தமிழ்நாட்டுக்கு வெளியிலும் விதைக்கப்பட்டவை. டி.எம்.வி. என்பதே திண்டிவனத்தின் சுருக்கம்தான்.

இதே மல்லாட்டைதான் இன்று உலகமெங்கும் எலும்பும் தோலுமாகிவிட்ட குழந்தைகளுக்கு மருந்தாகிறது. 1990களின் நடுவில் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஆந்த்ரே பிரியாந்தும் அவருடைய கூட்டாளியும் வறுத்த கடலை விழுதோடு பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், தாது உப்புகள் சேர்த்து ஒரு சிகிச்சை உணவைச் செய்தார்கள். சுமார் 92 கிராம் எடையுள்ள ஒரு பொட்டலத்தில் 500 கலோரி. சமைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், பிதுக்கி வாயில் வைத்தால் போதும். கைப்பிடிக்குள் அடங்குகிற உணவில் இவ்வளவு சக்தியை ஏன் அடைத்தார்கள் என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், நம் வீடுகளில் பிள்ளைக்குச் சோறூட்டும் சிக்கலில் பாதி விளங்கிவிடும்.

"எதையும் வாயில வாங்க மாட்டேங்குது", "ரெண்டு வாய்க்கு மேல துப்பிடுது", "பால் மட்டும்தான் குடிக்குது." பால்வாடியிலும் தடுப்பூசி போடும் இடத்திலும் ஆறு மாதம் தாண்டிய பிள்ளைகளின் தாய்மார் சொல்வது இதுதான். தமிழ்நாட்டில் பிரசவம் ஏறத்தாழ முழுக்க மருத்துவமனைகளில்தான் நடக்கிறது. தடுப்பூசி ஊர் ஊராகப் போய்ச் சேர்கிறது. இருந்தும் 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், மாநிலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளவர்களில் 57 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு ரத்தசோகை. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு பெறுபவர்கள் நூற்றுக்கு 11 பேர்தான். வீட்டில் அரிசி இல்லாததால் மட்டும் இந்தக் கணக்கு வரவில்லை. பிள்ளையின் கிண்ணத்துக்குள் என்ன போகிறது என்பதிலிருந்து வருகிறது.

எட்டு மாதப் பிள்ளை ஒன்று, எடை 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதில் இரைப்பை ஒரு வேளைக்குத் தாங்கும் அளவை, உடல் எடையில் கிலோவுக்கு 30 கிராம் என்று கணக்கிடுகிறார்கள். அப்படியானால் 240 கிராம். அதுவும் வயிறு முட்ட. தாய்ப்பால் கொடுப்பது போக, மற்ற உணவிலிருந்து நாளொன்றுக்கு அதற்குத் தேவை சுமார் 200 கலோரி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 9 முதல் 11 மாதத்தில் அது 300 ஆகிறது. ஒரு வயதைத் தாண்டினால் 550. இனி கஞ்சியைப் பார்ப்போம். துணியில் வடித்தாலும் இறங்கிவிடுகிற பதத்தில் காய்ச்சிய கஞ்சியில் 100 மில்லிக்கு 30 கலோரி இருந்தாலே அதிகம். 200 கலோரிக்கு 670 மில்லி குடிக்க வேண்டும். மூன்று தடவை வயிறு முட்டக் குடித்தால்தான் அந்தக் கணக்கு நேராகும். குடித்தால் தாய்ப்பாலுக்கு வயிற்றில் இடமிருக்காது. தாய்ப்பாலிலோ 100 மில்லிக்கு 65 முதல் 70 கலோரி இருக்கிறது. பாலைக் குறைத்து நீர்க்கஞ்சியைக் கூட்டும் வீட்டில், பிள்ளை சாப்பிடுவதுபோலவே தெரியும். உடம்பு இளைத்துக்கொண்டே போகும்.

பருப்போடு குழைய வேகவைத்து மசித்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 100 கலோரி. அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டால் 40 கலோரி கூடுகிறது. வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த மல்லாட்டை 10 கிராம் தூவினால் இன்னும் 55 கலோரி, கூடவே இரண்டரை கிராம் புரதம். ஒரு சிறு கிண்ணத்தில், எட்டு மாதப் பிள்ளையின் ஒரு நாள் தேவை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அதை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து ஊட்டினால், ஒரு வேளைக்கு நாலைந்து வாய்தான். "நாலு வாய்தான் தின்னுச்சு" என்று வருத்தப்படத் தேவையில்லாத நாலு வாய்.

கஞ்சி ஏன் நீர்த்துப்போகிறது என்பதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது. அரிசி, கேழ்வரகு, கோதுமை எல்லாவற்றிலும் பெரும்பங்கு மாவுச்சத்து. அதன் நுண்மணிகள் கொதிக்கும்போது தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன. நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் வெளியே பரவி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. மாவு கொஞ்சம் கூடினாலும் களியாக இறுகிவிடுகிறது. பல் முளைக்காத பிள்ளையால் களியை விழுங்க முடியாது. அம்மா என்ன செய்வார்? தண்ணீர் ஊற்றுவார். பிள்ளைக்கு எளிதாக இறங்க வேண்டும் என்ற அக்கறையில்தான் ஊற்றுகிறார்; அதே அக்கறை கலோரியைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுகிறது. பால்வாடியிலிருந்து வரும் சத்துமாவுப் பொட்டலத்துக்கும் இந்தக் கதிதான். பொட்டலத்தில் சத்து இருக்கிறது. இரண்டு கரண்டி மாவுக்கு ஒரு செம்புத் தண்ணீர் என்று காய்ச்சினால் கிண்ணத்தில் இருக்காது.

இதற்கு வழி நம் ஆயாக்களிடம் இருந்தது. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட வைத்து, நிழலில் காயப்போட்டு, இளஞ்சூட்டில் வறுத்து அரைத்து வைப்பார்கள். முளைவிடும் தானியத்துக்குள் அமிலேஸ் என்ற நொதி ஊறுகிறது. முளைக்குருத்துக்குச் சாப்பாடு வேண்டுமே, அதற்காக மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை அது கத்தரிக்கோல்போலத் துண்டு துண்டாக வெட்டித் தருகிறது. அந்த மாவில் கூழ் காய்ச்சினால், மாவு அதிகமாகப் போட்டாலும் இறுகாமல் வழுவழுவென்று இருக்கும். அதே கரண்டியில் கூடுதல் சக்தி. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் கேழ்வரகையும் பச்சைப்பயறையும் முளைகட்டிக் குழந்தை உணவு செய்வதை ஆராய்ந்தார்கள். 1980களில் பரோடா பல்கலைக்கழகத்தின் தாரா கோபால்தாஸ், கெட்டியான கூழில் முளைதானிய மாவு ஒரு சிட்டிகை கலந்தாலே அது இளகிவிடுவதைக் காட்டினார். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கருக வறுத்தால் நொதி அழிந்துவிடும். சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

பூஞ்சை என்றதும் மல்லாட்டைக்கும் ஒரு எச்சரிக்கை. கறுத்த, சுருங்கிய, கசக்கிற பருப்பைப் பிள்ளைக்கான பொடியில் சேர்க்கவே கூடாது. அஃப்லடாக்சின் என்ற கல்லீரல் நஞ்சு அதில்தான் ஒளிந்திருக்கும். அதைவிட அவசரமான எச்சரிக்கை இன்னொன்று. முழுக் கடலையை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். களத்தில் மல்லாட்டை உரிக்கும் காலத்தில் தவழும் பிள்ளை பக்கத்தில்தான் இருக்கும். ஒரு பருப்பு மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டால் அறுவை அரங்கில் குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும். சில பிள்ளைகள் மருத்துவமனை வாசலை எட்டுவதில்லை. பொடியாகவோ விழுதாகவோ உணவில் கலந்தால் இந்த ஆபத்து இல்லை. கடலை ஒவ்வாமைக்குப் பயந்து தள்ளிப்போடவும் வேண்டியதில்லை. சீக்கிரமே கொடுத்துப் பழக்கிய குழந்தைகளுக்குத்தான் அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது என்று லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏற்கெனவே கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள பிள்ளைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

ஆறு மாதம் தாண்டிய இந்த வயதின் அருமையைத் தமிழ்நாடு முன்பே கண்டுகொண்டது என்பதை நினைவுபடுத்த வேண்டும். 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கானது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1980இல், மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியிருந்தது. அது குறிவைத்தது 6 முதல் 36 மாதப் பிள்ளைகளை. மாதந்தோறும் எடை பார்த்தார்கள். இளைத்த பிள்ளை எது என்று தேடாமல், எடை ஏறுவது எந்தப் பிள்ளைக்கு நின்றுவிட்டது என்று தேடினார்கள். நின்ற பிள்ளைக்குக் குறைந்தது மூன்று மாதம் சத்துருண்டை கொடுத்து, எடை மறுபடி ஏறியதும் நிறுத்தினார்கள். கூடவே தாய்க்குச் சொல்லிக் கொடுத்தார்கள். திட்டம் நடந்த ஒன்றியங்களில் கடும் ஊட்டச்சத்துக் குறைவு கணிசமாக இறங்கியது. அந்தத் திட்டம் உலகெங்கும் பாடமாகப் படிக்கப்பட்டது. எடை எவ்வளவு என்பதைவிட எடை ஏறுகிறதா என்பதே முதல் கேள்வி என்ற அந்தப் பார்வையை, இன்று நாம் பதிவேட்டில் எழுதி மூடிவைக்கும் சடங்காகக் குறுக்கிவிட்டோம் என்பது என் வருத்தம். 2022இல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் கடுமையாக மெலிந்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சிகிச்சை உணவு கொடுக்கிறது. நல்லது. மெலிவதற்கு முன் பிடிப்பது இன்னும் நல்லது.

பசியே எடுக்காத பிள்ளைகளும் உண்டு. அவர்களில் பலருக்குக் குறை இரும்புச்சத்து. கருவில் கடைசி மூன்று மாதத்தில் சேமித்த இரும்பு ஆறு மாதம் வரை தாங்கும். அதற்குமேல் தாய்ப்பாலில் இருக்கும் இரும்பு போதாது. லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இல்லை. இரும்பு குறைந்தால் ரத்தம் குறையும், பசியும் குறையும். பசி குறைந்தால் இரும்பு இன்னும் குறையும். இந்தச் சுழலில் பிள்ளையைத் தள்ளுபவை இரண்டு பழக்கங்கள். ஒன்று, ஒரு வயதுக்குள் பசும்பாலை முதன்மை உணவாக்குவது. அதில் இரும்பு அற்பம், இருக்கும் இரும்பையும் குடல் உறிஞ்ச விடாது. இன்னொன்று, டீயில் தோய்த்த பிஸ்கட். ஈரல், முட்டை, மரக்காணத்திலிருந்து வரும் நெத்திலியை முள் நீக்கி மசித்தது, எலுமிச்சைச் சாறு சொட்டு விட்ட கீரையும் பருப்பும், இவை பிள்ளைக்கு இரும்பு தரும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் அரசுத் திட்டத்திலேயே கிடைக்கிறது. கறுப்பாக வெளிக்குப் போகிறது என்று பயந்து அதை நிறுத்திவிடாதீர்கள், அது இயல்பு.

துப்புவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறந்த பிள்ளையின் நாக்கு, பால் தவிர எதை வைத்தாலும் வெளியே தள்ளும். அது இயற்கை கொடுத்த காவல். நான்கிலிருந்து ஆறு மாதத்தில் தளரும். ஓங்கரிக்க வைக்கும் அனிச்சையும் முதலில் நாக்கின் முன்பகுதியிலேயே இருந்து, சற்றுக் கெட்டியான உணவைச் சந்திக்கச் சந்திக்கப் பின்னுக்கு நகரும். சந்திக்கவே விடாமல் மிக்சியில் அடித்த விழுதையே ஒரு வயது வரை கொடுத்தால் அது முன்னாலேயே நின்றுவிடுகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1990களில் பிறந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பத்து மாதத்துக்குப் பிறகே திப்பியான உணவைப் பார்த்தவர்கள் ஒன்றேகால் வயதில் சாப்பாட்டுக்கு அதிகம் முரண்டு பிடித்தார்கள். எட்டு மாதத்தில் கையால் மசித்த இட்லி, ஒன்பதில் கட்டியும் முட்டியுமான பருப்புச் சோறு, ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு. புதுக் கீரையைப் பிள்ளை முகம் சுளித்துத் துப்பினால், பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. பழக்கமில்லை என்று அர்த்தம். எட்டு, பத்து முறை கொடுத்த பிறகே பல பிள்ளைகள் புதுச் சுவையை ஏற்கிறார்கள்.

இந்தப் பொறுமை இல்லாத இடத்தில்தான் தொக்கம் நுழைகிறது. பிள்ளை பால் குடிக்காவிட்டால், சாப்பிட மறுத்தால், வாந்தி எடுத்தால், "தொண்டையில எதுவோ மாட்டியிருக்கு, தொக்கம் எடுத்துட்டு வா" என்று வடமாவட்டங்களில் பெரியவர்கள் சொல்வது இன்றும் நிற்கவில்லை. தொண்டைக்குள் விரலை விட்டுத் தோண்டுகிறார்கள், ஊதுகிறார்கள், குழல் வைத்து உறிஞ்சி ஒரு துணுக்கை எடுத்துக் காட்டுகிறார்கள். உடற்கூறு இதை ஏற்காது. மூச்சுக்குழாயில் உணவு அடைத்தால் பிள்ளை நிமிடக் கணக்கில் நீலம் பாரிக்கும். உணவுக்குழாயில் அடைத்தால் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடிக்கும். வாரக் கணக்கில் ஒரு பருக்கை தொண்டையில் உட்கார்ந்து பசியைக் கெடுக்க இடமே இல்லை. பிறகு எப்படிச் சில பிள்ளைகள் தேறுகின்றன? சளியோ வயிற்றுப்போக்கோ நாலைந்து நாளில் தானாகவே இறங்கியிருக்கும். அந்த நல்ல பெயர் தொக்கம் எடுத்தவருக்குப் போகிறது. கிழிந்த தொண்டையும் நகத்தழுக்கில் வந்த தொற்றும் பிள்ளைக்கு மிஞ்சுகின்றன.

மடியில் மல்லாக்கப் போட்டு, கை கால்களை அமுக்கி, சங்கில் ஊற்றுவதும் இதே வகை. எண்ணெய் என்றால் இன்னும் மோசம். தண்ணீர் தவறிப் போனால் இருமல் வந்து வெளியே தள்ளும்; எண்ணெய் இருமலைத் தூண்டாமல் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்கிவிடும், அங்கே ஆறாத அழற்சியை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்ட இந்த எண்ணெய் நிமோனியாவைப் பற்றி 1973இலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. அரை நூற்றாண்டு போதாதா இதை விடுவதற்கு?

சங்கின்மேல் குற்றமில்லை. அதன் உறவான பாலாடை என்ற ஊட்டும் கிண்ணம், குறைமாதப் பிள்ளைகளுக்கான அரசு மருத்துவமனைப் பிரிவுகளில் இன்றும் உயிர் காக்கிறது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் ஒழுங்காகக் கோக்கும் திறன் கருவின் 34ஆம் வாரத்தை ஒட்டித்தான் வருகிறது. அதற்கு முன் பிறந்த பிள்ளை மார்பில் பிடித்துக் குடிக்கத் திணறும். நிமிர்த்திப் பிடித்து, உதட்டில் பாலாடையைத் தொட்டு, பிள்ளை நக்கி விழுங்கும் வேகத்துக்குக் காத்திருந்து ஊட்ட வேண்டும். பழகிய கைகளில் அது பாட்டிலைவிடச் சிறந்தது. பழகாத கைகளில் பால் சிந்தும், பிள்ளை களைக்கும்.

உண்மையான உணவூட்டல் நோய்களும் இருக்கின்றன; அவற்றைத் தொக்கம், உரம், மாந்தம் என்று பெயரிட்டு நாள் கடத்துவதுதான் பெரிய இழப்பு. பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து மூச்சு வாங்கினால் இதயத்தில் குறை இருக்கலாம். பால் மூக்கு வழியாக வந்தால் அண்ணப் பிளவைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் இருமல், புரை, முகம் நிறம் மாறுவது விழுங்குதலில் சிக்கலைக் காட்டும். பச்சை நிற வாந்தி என்றால் அன்றே, அந்த மணி நேரமே மருத்துவமனை. தினமும் ஒரு வேளைக்கு அரை மணிக்கு மேல் ஆவதும், முன்பு தின்றதை இப்போது விழுங்க முடியாமல் போவதும் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

ஒரு வயதுக்கு மேல் வரும் புகார் வேறு வகை. முதல் ஆண்டில் ஆறு கிலோவுக்கு மேல் கூடிய பிள்ளை, இரண்டாம் ஆண்டில் இரண்டரைக் கிலோதான் கூடும். வளர்ச்சி வேகம் இறங்கும்போது பசியும் இறங்குவது இயல்பு. 1926இல் அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ், பால் மறந்த சிறு பிள்ளைகள் முன் முப்பதுக்கு மேற்பட்ட எளிய உணவுகளை வைத்து, செவிலியர் யாரும் தூண்டாமல் அவர்களே எடுத்துத் தின்ன விட்டார். ஒரு வேளை கன்னாபின்னாவென்று தின்றார்கள். மாதக் கணக்கில் பார்த்தால் நன்றாக வளர்ந்தார்கள். அந்தத் தட்டுகளில் சர்க்கரையோ பாக்கெட் தின்பண்டமோ இல்லை என்பதை டேவிஸே அழுத்திச் சொன்னார். எதை வைப்பது என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. சாப்பாட்டுக்கு முன் ஐந்து ரூபாய் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பிறகு செல்போனைக் காட்டி வாயைத் திறக்க வைத்தால் இரண்டு பொறுப்பும் கெட்டுவிடுகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அன்றைய ஆந்திரத்தின் 60 கிராமங்களில் நடத்திய ஆய்வில், என்ன ஊட்டுவது என்பதோடு பிள்ளையின் முகம் பார்த்து, பேசி, அதன் பசிக் குறிப்பறிந்து ஊட்டுவதையும் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மனவளர்ச்சித் தேர்விலும் முன்னே நின்றார்கள்.

வல்லம் பகுதியின் பால்வாடி ஆசிரியைகளுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சத்துமாவுப் பொட்டலத்தைக் கொடுக்கும் நாளில் ஒரு தடவை அடுப்பில் வைத்துக் காய்ச்சிக் காட்டுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கும் பதம் எது என்று தாய்மார் கண்ணால் பார்க்கட்டும். தாய்மார்களே, ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது எடை போடச் சொல்லி, அந்த எண்ணை அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் எடை தொடர்ந்து இரண்டு மாதம் ஏறாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கோ கொண்டு போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104ஐ அழைத்துக் கேளுங்கள்.